ஒளி முடிந்த இடத்திலும் விண்மீன் பிறக்கிறது: வட்டு கேலக்ஸிகளின் ஓரத்தில் நடப்பது என்ன?

2024 செப்டம்பரில் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த ஒரு படம் வெளியானது. நம் பால்வெளியின் மையத்திலிருந்து 58,000 ஒளியாண்டுகளுக்கும் அப்பால், ‘டைஜெல் மேகங்கள்’ எனப்படும் வாயுத் திரட்சிகளுக்குள் இளம் விண்மீன்கள் கொத்தாகப் பிறந்துகொண்டிருப்பதை அது காட்டியது. இன்னும் முழுதாக உருவாகாத சில விண்மீன்கள் இரு பக்கமும் வாயுவைப் பீய்ச்சி அடிப்பதும் தெரிந்தது. சூரியன் மையத்திலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் தள்ளி இருக்கிற இடம் இது.

இந்தச் செய்தியைப் படித்த பலருக்கும் ஒரு குழப்பம் வந்திருக்கும். கேலக்ஸியின் வட்டில் ஒரு தூரத்துக்கு மேல் விண்மீன் உருவாக்கம் நின்றுவிடும் என்றுதான் வானியல் நூல்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தன. அப்படியானால் அந்த எல்லை தவறா? தவறில்லை. ஆனால் அது எதன் எல்லை என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். வெளிவட்டில் வாயு இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். வாயு தாராளமாக இருக்கிறது. அது குளிர்ந்து, மூலக்கூறாக மாறும் படியில்தான் இழுபறி. மற்றதெல்லாம் இதிலிருந்து வருகிறது.

ஓரம் என்றால் எந்த ஓரம்?

வட்டு கேலக்ஸி என்பது விண்மீன்கள், வாயு, தூசு எல்லாம் தட்டையான ஒரு தளத்தில் மையத்தைச் சுற்றிவரும் அமைப்பு. பால்வெளியும் ஆண்ட்ரோமெடாவும் இந்த வகை. சுருள் கைகள் இருப்பதால் இவற்றைச் சுருள் கேலக்ஸிகள் என்றும் சொல்வோம்.

இந்த வட்டுக்குக் கத்தியால் வெட்டியதுபோல் விளிம்பு கிடையாது. மையத்திலிருந்து வெளியே போகப் போக விண்மீன் ஒளி சீரான விகிதத்தில் மங்கும். எங்கோ ஓரிடத்தில் கோடு போட வேண்டும் என்பதற்காக, நீல ஒளியில் ஒரு குறிப்பிட்ட மங்கலான அளவை எட்டும் தூரத்தை ‘ஒளி விளிம்பு’ என்று வானியலாளர்கள் வைத்துக்கொண்டார்கள். இது ஒரு வசதிக்கான கோடு, இயற்கை போட்ட வேலி அல்ல.

வாயுவின் விளிம்பு வேறு. அணு நிலையில் உள்ள ஹைட்ரஜன் 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் ரேடியோ அலையை வெளியிடும். 1944இல் ஹென்ட்ரிக் வான் டி ஹுல்ஸ்ட் இதைக் கணித்துச் சொன்னார். 1951இல் அது கண்டறியப்பட்டது. அந்த அலையில் பார்த்தால் பல சுருள் கேலக்ஸிகளின் வாயு வட்டு ஒளி விளிம்பைத் தாண்டி இரண்டு மடங்கு தூரம் வரை விரிந்து கிடக்கிறது. சிலவற்றில் அதையும் தாண்டுகிறது. என்ஜிசி 2915 என்ற சிறிய கேலக்ஸியைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பார்த்தால் ஒரு நீலத் துணுக்கு. ரேடியோவில் பார்த்தால் அந்தத் துணுக்கைச் சுற்றி ஐந்து மடங்கு பெரிய வாயு வட்டு, அதிலும் சுருள் கைகளோடு.

ஆகவே ‘வெளிவட்டு’ என்று இந்தக் கட்டுரையில் சொல்வது, விண்மீன் ஒளி ஏறக்குறைய தீர்ந்துவிட்ட, ஆனால் ஹைட்ரஜன் இன்னும் பரந்து கிடக்கும் அந்த இடைப்பட்ட பரப்பை.

ஒரு விண்மீன் பிறக்க எவையெல்லாம் கூடிவர வேண்டும்?

1. போதுமான வாயு ஓரிடத்தில் சேர வேண்டும். கேலக்ஸியின் உள்வட்டில் இது ஒரு சதுர பார்செக்குக்கு 10 சூரிய நிறை அல்லது அதற்கு மேல். ஒரு பார்செக் என்பது 3.26 ஒளியாண்டு; ஒரு சூரிய நிறை என்பது நம் சூரியனின் நிறை.

2. அந்த வாயு குளிர வேண்டும். சுமார் 8,000 கெல்வினில் இருக்கும் மிதவெப்ப ஹைட்ரஜனில் அணுக்கள் நொடிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் அலைகின்றன. 100 கெல்வினுக்குக் குளிர்ந்தால் அந்த வேகம் 1 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கிவிடும். வேகமாக அலையும் வாயுவை ஈர்ப்பால் பிடித்து நிறுத்த முடியாது.

3. அணுக்கள் இணைந்து ஹைட்ரஜன் மூலக்கூறாக மாற வேண்டும். நாம் பார்க்கும் விண்மீன் உருவாக்கம் ஏறக்குறைய முழுவதும் மூலக்கூறு மேகங்களுக்குள்தான் நடக்கிறது. அங்கே வெப்பம் 10 கெல்வின் அளவுக்குக்கூட இறங்கும்.

4. மேகத்தின் ஒரு பகுதி தன் எடையாலேயே நொறுங்கிச் சுருங்க வேண்டும். இதற்கப்புறம் நடப்பது உள்வட்டோ வெளிவட்டோ பெரும்பாலும் ஒரே கதைதான்.

வெளிவட்டில் இந்த நான்கில் முதல் மூன்றும் இடிக்கின்றன. எவ்வளவு இடிக்கின்றன என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

டூம்ரேயின் கணக்கு

1964இல் அலார் டூம்ரே என்ற கணிதவியலாளர் ஒரு கேள்வி கேட்டார்: சுழலும் வட்டு ஒன்று எப்போது தானாகவே துண்டுகளாக உடைந்து திரளும்? அவர் விண்மீன்களை வைத்துக் கேட்டார். வாயுவுக்கும் அதே தர்க்கம் பொருந்தும்.

மூன்று தரப்புகள் இதில் மோதுகின்றன. ஈர்ப்பு வாயுவைச் சேர்க்கப் பார்க்கிறது. வாயுவின் உள் அசைவு, அதாவது வெப்பமும் கொந்தளிப்பும், சிறிய திரட்சிகளைக் கலைக்கிறது. வட்டின் சுழற்சி பெரிய திரட்சிகளை இழுத்துப் பிய்க்கிறது. பின்னிரண்டும் சேர்ந்து ஈர்ப்பை எத்தனை மடங்கு மிஞ்சுகின்றன என்பதை ஒரே எண்ணில் சொல்வதுதான் ‘க்யூ’ அளவு. க்யூ 1ஐவிடக் குறைந்தால் வட்டு உடைந்து திரளும்; நன்றாகக் கூடினால் வாயு அமைதியாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஒரு மாதிரி கேலக்ஸியை எடுத்துக்கொள்வோம். சுழற்சி வேகம் நொடிக்கு 200 கிலோமீட்டர். மையத்திலிருந்து 65,000 ஒளியாண்டு தூரத்தில் சதுர பார்செக்குக்கு 2 சூரிய நிறை வாயு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். வெளிவட்டுக்கு இது நியாயமான அளவு.

- வாயு மிதவெப்பமாக, 8 கிலோமீட்டர் உள் அசைவோடு இருந்தால் க்யூ சுமார் 4. எதுவும் நடக்காது.
- அதே வெப்பத்தில், ஒரு சுருள் கை வாயுவை நான்கு மடங்கு நெருக்கி 8 சூரிய நிறை ஆக்கினால் க்யூ சுமார் 1. விளிம்பில் நிற்கிறது.
- நெருக்கவே வேண்டாம், அதே 2 சூரிய நிறை வாயு குளிர்ந்து உள் அசைவு 1 கிலோமீட்டருக்கு இறங்கினால் க்யூ சுமார் 0.5. உடைந்து திரளத் தொடங்கும்.

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். வாயுவின் அளவு கொஞ்சமும் கூடவில்லை. குளிர்ந்தது, அவ்வளவுதான். நிஜத்தில் குளிர்ந்த வாயுவிலும் கொந்தளிப்பு மிச்சம் இருக்கும், ஆகவே கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது. ஆனால் எந்தத் திருகை முடுக்கினால் பலன் அதிகம் என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது. 2004இல் யோப் ஷாயே என்ற வானியலாளர் முன்வைத்த கருத்தும் இதுதான்: விண்மீன் உருவாக்கத்தின் எல்லை என்பது வாயு மிதவெப்ப நிலையிலிருந்து குளிர்நிலைக்கு மாற முடிகிற எல்லை. சதுர பார்செக்குக்குச் சில சூரிய நிறைகள் என்ற அளவில் அது விழுகிறது.

அப்படியானால் வாயு ஏன் சும்மா குளிர்ந்துவிடக் கூடாது? குளிர்வதென்றால் வெப்பத்தை ஒளியாக வெளியே தள்ள வேண்டும். ஹைட்ரஜனுக்கு இந்த வெப்பநிலையில் அது கைவராது. கார்பனும் ஆக்சிஜனும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. அணுக்கள் அடிக்கடி மோதினால்தான் அவற்றாலும் முடியும். வெளிவட்டிலோ கார்பனும் ஆக்சிஜனும் குறைவு, அழுத்தம் தாழ்ந்திருப்பதால் மோதல்களும் குறைவு. இதற்கிடையே விண்வெளியில் அதிவேகமாகப் பாயும் துகள்களான காஸ்மிக் கதிர்களும், கேலக்ஸிகளுக்கு இடைப்பட்ட வெளியிலிருந்து வரும் புற ஊதா ஒளியும் வாயுவை லேசாகச் சூடாக்கிக்கொண்டே இருக்கின்றன. விளைவு, பெரும்பகுதி வாயு மிதவெப்பத்திலேயே தேங்கிவிடுகிறது.

எல்லை போட்டவர்களும் எல்லைக்கு அப்பால் பார்த்தவர்களும்

1989இல் ராபர்ட் கெனிகட் என்ற வானியலாளர் பல சுருள் கேலக்ஸிகளை ஹெச்-ஆல்ஃபா ஒளியில் அளந்தார். இது என்ன ஒளி? மிகப் பெரிய இளம் விண்மீன்கள் தங்களைச் சுற்றியுள்ள ஹைட்ரஜனை அயனியாக்கும். சிதறிய எலக்ட்ரான் மறுபடி சேரும்போது வெளிவரும் சிவப்பு ஒளி. எங்கே ஹெச்-ஆல்ஃபா தெரிகிறதோ அங்கே இப்போது விண்மீன் பிறக்கிறது என்று பொருள். அந்த ஒளி ஒரு தூரத்தில் சட்டென்று சரிந்தது. சரிந்த இடம் டூம்ரே கணக்கு சொன்ன இடத்தோடு பெருமளவு ஒத்துப்போனது. கோட்பாடும் நோக்கீடும் இப்படிக் கைகோத்தால் யார்தான் சந்தேகப்படுவார்கள்?

விதிவிலக்குகள் மெல்ல வந்தன. 1998இல் அனெட் ஃபெர்கூசன் குழுவினர் என்ஜிசி 628, என்ஜிசி 1058, என்ஜிசி 6946 ஆகிய கேலக்ஸிகளில் ஒளி விளிம்பைப்போல் இரு மடங்கு தூரம் வரை ஹெச்-ஆல்ஃபா புள்ளிகள் சிதறிக் கிடப்பதைக் காட்டினார்கள். சிறியவை, மங்கலானவை, ஆனால் இருந்தன.

உண்மையான அதிர்ச்சி புற ஊதா ஒளியில் வந்தது. நாசா 2003 ஏப்ரலில் ஏவிய கேலெக்ஸ் என்ற சிறிய செயற்கைக்கோள் வானத்தைப் புற ஊதாவில் படமெடுத்தது. 1.5 கோடி ஒளியாண்டு தூரத்தில் உள்ள எம் 83 என்ற தெற்கு வானச் சுருள் கேலக்ஸியின் படத்தில், பழக்கமான வட்டுக்கு வெளியே நீண்ட மெல்லிய கைகள் தெரிந்தன. அந்தக் கைகள் நெடுக நீலப் புள்ளிகள் கோத்துக் கிடந்தன. மையத்திலிருந்து 1,40,000 ஒளியாண்டு வரைகூட இளம் விண்மீன் கொத்துகள் இருந்தன. என்ஜிசி 4625 இன்னும் விசித்திரம்: ஒளி விளிம்பைப்போல் நான்கு மடங்கு தூரம் வரை புற ஊதாக் கைகள். இரண்டும் 2005இல் வெளியான ஆய்வுகள். டேவிட் தில்கர் குழுவினர் 2007இல் அருகிலுள்ள கேலக்ஸிகளை வரிசையாகப் பார்த்தபோது, சுமார் 30 விழுக்காட்டில் இப்படி ‘நீண்ட புற ஊதா வட்டு’ ஏதோ ஒரு வடிவில் இருந்தது. ஆகவே எம் 83ஐ அதிசயப் பிறவி என்று ஒதுக்கிவிட முடியாது.

எம் 83இன் படம் பரவலாகப் பகிரப்படுகிறது என்பதால் ஒரு சிறு குறிப்பு. அதில் கைகள் சிவப்பாகத் தெரிவது ரேடியோவில் அளந்த ஹைட்ரஜன். நீலம்தான் புற ஊதா. இரண்டுமே கண்ணுக்குத் தெரியாத அலைகள், நிறம் நாம் பூசியது. இந்தப் படத்தில் உண்மையில் பார்க்க வேண்டியது, நீலப் புள்ளிகள் சிவப்புக் கைகளின் மேலேயே உட்கார்ந்திருப்பது. வாயு எங்கே நெருங்கியிருக்கிறதோ அங்கேதான் விண்மீன் பிறக்கிறது.

ஹெச்-ஆல்ஃபாவில் தெரியாதது புற ஊதாவில் எப்படித் தெரிந்தது?

இது வெறும் கருவி வித்தியாசம் அல்ல. இரண்டு ஒளியும் இரண்டு வகை விண்மீன்களைக் காட்டுகின்றன.

ஹெச்-ஆல்ஃபா எரிய வேண்டுமானால் சூரியனைப்போல் சுமார் 20 மடங்கோ அதற்கு மேலோ நிறையுள்ள விண்மீன் வேண்டும். அது ஒரு கோடி ஆண்டுகளுக்குள் வெடித்துத் தீர்ந்துவிடும். புற ஊதாவோ சூரியனைப்போல் ஐந்து மடங்கு நிறையுள்ள விண்மீன்களிலிருந்தும் வருகிறது. அவை சுமார் 10 கோடி ஆண்டு வாழும். ஆகவே ஒரே கொத்து ஹெச்-ஆல்ஃபாவில் தெரியும் காலம் ஒரு பங்கு என்றால், புற ஊதாவில் தெரியும் காலம் பத்துப் பங்கு. கொத்துகள் அரிதாகப் பிறக்கும் இடத்தில், எந்த ஒரு நேரத்தில் பார்த்தாலும் பெரும்பாலானவை ஹெச்-ஆல்ஃபா வயதைக் கடந்துதான் இருக்கும்.

இன்னொரு காரணமும் சேர்கிறது. புதிதாகப் பிறக்கும் விண்மீன்களில் சிறியவைதான் மிக அதிகம்; எட்டு சூரிய நிறையைத் தாண்டுவது, மொத்தம் 100 சூரிய நிறை விண்மீன்கள் பிறந்தால் ஏறக்குறைய ஒன்று. இருபதைத் தாண்டுவது அதிலும் அரிது. வெளிவட்டுக் கொத்துகள் பெரும்பாலும் சில நூறு முதல் சில ஆயிரம் சூரிய நிறைதான். பகடையைப் பத்துமுறை மட்டும் உருட்டினால் ஆறு ஒருமுறைகூட விழாமல் போகலாம்; அதற்காகப் பகடையில் ஆறே இல்லை என்று சொல்ல முடியாது. அதுபோல, ஒரு சிறிய கொத்தில் பெரிய விண்மீன் இல்லாமல் போவது தற்செயலாகவே நடக்கும்.

இதை ஏற்காத தரப்பும் உண்டு. சிறிய மேகங்களில் பெரிய விண்மீன் பிறக்கவே முடியாது, எந்த நிறையில் எத்தனை விண்மீன் பிறக்கும் என்ற விதியே வெளிவட்டில் வேறு என்பது அவர்கள் வாதம். ஜின் கோடா குழுவினர் சுபாரு தொலைநோக்கியால் எம் 83இன் வெளிவட்டை ஆழமாக ஹெச்-ஆல்ஃபாவில் பார்த்து 2012இல் சொன்னது: தனித்தனிக் கொத்துகளை விட்டுவிட்டு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் வழக்கமான விதியே போதும். எனக்கும் இந்தப் பக்கம்தான் வலுவாகத் தெரிகிறது. புதிய விதி ஒன்றைக் கொண்டுவருவதற்கு முன் வாழ்நாள் கணக்கும் தற்செயலும் எவ்வளவு தூரம் விளக்குகின்றன என்று பார்ப்பதுதான் முறை. இங்கே அவை நெடுந்தூரம் விளக்கிவிடுகின்றன.

சராசரியாகப் பார்த்தால் பிழை

டூம்ரே கணக்கில் பிழை இல்லை. அதற்குக் கொடுத்த எண்தான் தவறான எண். ஒரு வளையம் முழுவதற்கும் வாயுவின் சராசரியை எடுத்தால் க்யூ 4 வரும். ஆனால் அந்த வளையத்தில் வாயு சமமாகப் பரவியிருப்பதில்லை. பெரும்பரப்பு வெறிச்சென்றும் சில இழைகள் நெருக்கமாகவும் இருக்கும். அந்த இழைகளில் உள்ளூர்க் கணக்கே வேறு. அவற்றை நெருக்குவது எது என்பதில் மூன்று பதில்கள் உண்டு. எல்லாக் கேலக்ஸிக்கும் ஒரே பதில் பொருந்தாது.

1. உள்வட்டின் சுருள் அலைகள். இவை விண்மீன் வட்டோடு நின்றுவிடாமல் வெளியேயுள்ள வாயுவுக்குள்ளும் பரவுகின்றன. வாயுவின் அடர்த்தி குறையக் குறைய, சராசரியோடு ஒப்பிட்டால் அலையின் வீச்சு பெருகலாம் என்கிறது கோட்பாடு. வெளிக்கைகள் உள்கைகளின் தொடர்ச்சியாகவே பல படங்களில் தெரிவதற்கு இது நல்ல விளக்கம்.

2. பக்கத்துக் கேலக்ஸியின் இழுப்பு. என்ஜிசி 4625க்கு என்ஜிசி 4618 என்ற துணை இருக்கிறது. ஆனால் துணையில்லாத கேலக்ஸிகளிலும் நீண்ட புற ஊதா வட்டு இருப்பதால் இதை மட்டும் நம்ப முடியாது.

3. வெளியிலிருந்து விழும் வாயு. கேலக்ஸிகள் தம்மைச் சுற்றிலுமிருந்து வாயுவை இன்றும் வாங்கிக்கொண்டிருக்கின்றன என்பது பொதுவான கருத்து. அதிகச் சுழற்சியோடு வரும் வாயு மையத்துக்குப் போகாமல் ஓரத்தில்தான் தங்கும்.

இவற்றுக்கு எதிர்த்திசையில் வேலை செய்வது வட்டின் வடிவம். வெளியே விண்மீன்கள் இல்லாததால் வாயுவை மேலும் கீழும் அமுக்கிப் பிடிக்க ஆளில்லை. வட்டு தடித்து விரிகிறது, பல கேலக்ஸிகளில் ஓரம் வளைந்தும் போகிறது. சதுர பார்செக்குக்கு அதே அளவு வாயு தடித்த வட்டில் பரவினால் கன அளவில் அடர்த்தி குறைந்துவிடும், அழுத்தமும் தாழும்.

மூலக்கூறு எங்கே ஒளிந்திருக்கிறது?

இந்தத் துறையில் மிகவும் தலைவலி கொடுத்த பகுதி இதுதான்.

இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் வெற்றிடத்தில் நேரடியாக மோதினால் எளிதில் ஒட்டாது. தூசுத் துகளின் மேற்பரப்பில் ஒதுங்கி, அங்கே சந்தித்து, இணைந்து பிறகு பறக்கின்றன. தூசு என்பது பழைய விண்மீன்கள் தந்த கார்பன், சிலிக்கான், ஆக்சிஜன் போன்றவற்றால் ஆனது. வெளிவட்டில் பழைய விண்மீன்கள் குறைவு, ஆகவே தூசும் குறைவு, ஆகவே மூலக்கூறு உருவாவதும் மெதுவாக நடக்கிறது.

அப்புறம், உருவான மூலக்கூறைக் கண்டுபிடிப்பது. குளிர்ந்த ஹைட்ரஜன் மூலக்கூறு ஏறக்குறைய எந்த ஒளியையும் விடாது. அதனால் அதோடு கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடின் ரேடியோ அலையை வைத்துத்தான் தேடுகிறோம். ஹைட்ரஜன் மூலக்கூறு புற ஊதாவிலிருந்து தன்னைத்தானே காத்துக்கொள்ளும். மேகத்தின் மேலடுக்கு ஒளியை உறிஞ்சி உள்ளடுக்கைக் காக்கும். கார்பன் மோனாக்சைடு அதைவிடத் தூசின் நிழலைத்தான் அதிகம் நம்பியிருக்கிறது. தூசு குறைந்த இடத்தில் அது உடைந்துபோகும். ஹைட்ரஜன் மூலக்கூறு இருக்கும், அடையாளம் காட்டும் வாயு இருக்காது.

எம் 83இன் வெளிவட்டில் இளம் கொத்துகள் பளிச்சென்று தெரிந்தும், அவை பிறந்த மேகங்களைத் தேடியவர்களுக்குப் பல ஆண்டுகள் பெரிதாக எதுவும் அகப்படவில்லை. குழந்தை இருக்கிறது, தொட்டிலைக் காணோம். 2022இல் வெளியான ஆய்வில் கோடா குழுவினர் அணுகுமுறையை மாற்றினார்கள். சிலியிலுள்ள அல்மா தொலைநோக்கி வரிசையைக் கொண்டு, கார்பன் மோனாக்சைடின் வழக்கமான அலையை விட்டுவிட்டு, அடர்ந்த உட்பகுதியில் நன்றாகத் தெரியும் உயர்நிலை அலையில் தேடினார்கள். 23 மேகங்கள் கிடைத்தன. அவர்கள் தரும் விளக்கம்: மேகத்தின் அடர்ந்த உட்கரு பால்வெளி மேகங்களில் உள்ளதைப் போன்றதுதான், அதைச் சுற்றியுள்ள பெரிய மூலக்கூறு உறையில்தான் கார்பன் மோனாக்சைடு உடைந்துபோய்க் கண்ணில் படாமல் போகிறது.

உட்கரு ஒன்றுபோலவே இருக்கிறது என்பது முக்கியமான தகவல். உட்கருவை எட்டிய வாயுவுக்குத் தான் எந்த வட்டில் இருக்கிறோம் என்பது அவ்வளவாகத் தெரியாது. எட்டுவதற்குள்தான் பாடு.

வேகம் எவ்வளவு?

இப்போது நடக்கும் வேகத்திலேயே விண்மீன்கள் பிறந்துகொண்டிருந்தால் கையிலுள்ள வாயு தீர எவ்வளவு காலம் ஆகும்? இதைத் ‘தீர்வுக் காலம்’ என்போம். அருகிலுள்ள சுருள் கேலக்ஸிகளின் உள்வட்டில் மூலக்கூறு வாயுவுக்கு அது சுமார் 200 கோடி ஆண்டு. வெளிவட்டில் அணு ஹைட்ரஜனுக்கு, ஃபிராங்க் பிகல் குழுவினர் 2010இல் வெளியிட்ட அளவீட்டின்படி, சுமார் 10,000 கோடி ஆண்டு. பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுதான்.

‘நீண்ட புற ஊதா வட்டு’ என்ற பெயரைக் கேட்டு அங்கே விண்மீன்கள் பொங்கிவழிகின்றன என்று நினைத்துவிடக் கூடாது. நடப்பது மிக மெதுவான சொட்டு. வெளிவட்டின் வாயு ஒருவகையில் இருப்பு: மெல்ல உள்ளே நகர்ந்தால் உள்வட்டின் விண்மீன் உருவாக்கத்துக்கு அதுவே சரக்கு. உள்வட்டு தன் மூலக்கூறு வாயுவை 200 கோடி ஆண்டில் தீர்க்கும் வேகத்தில் இருந்தும் இன்னும் ஓயாமல் விண்மீன்களைப் பெறுகிறதென்றால், எங்கிருந்தோ வரத்து இருந்தாக வேண்டும்.

நம் வீட்டு ஓரம்

மற்ற கேலக்ஸிகளின் ஓரத்தில் கொத்துகள் வெறும் புள்ளிகள். தனி விண்மீன்களை எண்ண வேண்டுமென்றால் பால்வெளியின் ஓரத்துக்குத்தான் வர வேண்டும். டைஜெல் மேகங்கள் 1994இல் கார்பன் மோனாக்சைடு அலையில் கண்டறியப்பட்டவை. கண்டறிந்த குழுவிலிருந்த சேத் டைஜெல் பெயரையே அவற்றுக்கு வைத்துவிட்டார்கள். அங்கே கனமான தனிமங்கள் சூரியன் இருக்கும் பகுதியைவிட மிகக் குறைவு. குள்ள கேலக்ஸிகளிலும், இளம் வயதில் பால்வெளியிலும் இருந்த நிலை ஏறக்குறைய இதுதான். அதனால் ஜேம்ஸ் வெப் அங்கே திரும்பியது அழகான படத்துக்காக மட்டுமல்ல. தூசு குறைந்தால் சிறிய விண்மீன்களுக்கும் பெரியவற்றுக்கும் உள்ள விகிதம் மாறுகிறதா என்பதை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கக் கூடிய தூரத்தில் இருப்பது அந்த மேகங்கள்தான்.

ஓரத்தில் இருப்பவை எல்லாம் ஓரத்தில் பிறந்தவையா?

இங்கே இரண்டு சிக்கல்கள் மிச்சம் இருக்கின்றன.

முதலாவது, கனமான தனிமங்கள். மையத்திலிருந்து வெளியே போகப் போக ஆக்சிஜன் அளவு குறையும். ஒளி விளிம்பைத் தாண்டினால் இன்னும் குறைய வேண்டும். எம் 83இல் ஃபாபியோ பிரெசோலின் குழுவினர் 2009இல் அளந்தபோது, விளிம்புக்கு அப்பால் அது குறையாமல் ஏறக்குறைய சமமாக நின்றது. 10,000 கோடி ஆண்டுத் தீர்வுக் காலம் உள்ள இடத்தில் உள்ளூர் விண்மீன்கள் மட்டுமே இவ்வளவு ஆக்சிஜனைத் தயாரித்திருக்க முடியாது. ஒன்று உள்வட்டிலிருந்து கலந்து வந்திருக்க வேண்டும், அல்லது சூப்பர்நோவாக்களால் ஒருமுறை வெளியே வீசப்பட்ட வாயு திரும்பி ஓரத்தில் விழுந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, விண்மீன்களே இடம் மாறுகின்றன. தோன்றி மறையும் சுருள் கைகள், தங்களோடு ஒரே வேகத்தில் சுற்றும் விண்மீன்களை உள்ளேயோ வெளியேயோ தள்ளிவிட முடியும். அவற்றின் பாதை வட்டமாகவே இருக்கும் என்பதால் தள்ளப்பட்ட தடயமும் தெரியாது. ஜெர்ரி செல்வுட்டும் ஜேம்ஸ் பின்னியும் 2002இல் இதை விளக்கினார்கள். அப்படியானால் புற ஊதாவில் தெரியும் விண்மீன்களும் உள்ளிருந்து வந்தவையாக இருக்கலாமே? முடியாது. நம் மாதிரி கேலக்ஸியில் 65,000 ஒளியாண்டு தூரத்தில் மையத்தை ஒருமுறை சுற்ற சுமார் 61 கோடி ஆண்டு ஆகும். புற ஊதா விண்மீனுக்கு வயது 10 கோடிதான். ஒரு சுற்றில் ஆறில் ஒரு பங்குகூட முடிக்காதது அவ்வளவு தூரம் இடம்பெயர்ந்திருக்க வழியில்லை. அது அங்கேதான் பிறந்தது.

வயதான விண்மீன்களின் நிலைமை வேறு. சுமார் 27 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் உள்ள எம் 33 கேலக்ஸியின் விண்மீன்களை ஹப்பிள் தொலைநோக்கி தனித்தனியாகப் பிரித்துக் காட்டியது. மையத்திலிருந்து வெளியே வரும்போது சராசரி வயது குறைந்துகொண்டே வருகிறது: உள்ளே முதலில், வெளியே பிறகு என்று வட்டு வளர்ந்ததற்கு இதுவே சான்று. ஆனால் விண்மீன் ஒளி சட்டென்று சரியும் இடத்தைத் தாண்டியதும் வயது மறுபடி ஏறுகிறது. அங்கே பிறப்பு சொட்டுச் சொட்டாக நடக்க, உள்ளேயிருந்து தள்ளப்பட்ட முதிய விண்மீன்கள் காலப்போக்கில் வந்து சேர்ந்தால், கணினி உருவகப்படுத்தல்கள் தரும் வரைபடமும் இதே வடிவில்தான் இருக்கிறது.